பிரதி எடுத்த பிறகே நெருப்பு

பத்து வருடங்களுக்கு முன் என் கணினி ரொம்பவும் மெதுவாகிவிட்டது. புதிய விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள், "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டாச்சு சார்" என்றார் அந்தத் தம்பி. புதுசாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வத்திராயிருப்பு வயல்களில் பாடிய நடவுப் பாட்டுகளை அம்மா பாடி, நான் பதிவு செய்து வைத்திருந்தேனே, அது போய்விட்டது. அம்மா அதற்கு முந்தின வருடமே காலமாகிவிட்டார்கள். தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பிரதி எடுத்து வைக்காதது என் தப்பு.

இதே தப்பு நம் பக்கத்தில் முன்பே நடந்திருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் உள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பாண்டிய மன்னர் ஒருவருடைய ஏட்டுச்சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப் போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். சாஸ்திரப்படிதான் செய்தார்களாம்!

ஐயர் இதை எழுதும்போது ஒரு விஷயத்தை விளக்குகிறார். பழைய ஏடு சிதிலமானால் முதலில் புது ஓலையில் பிரதி எடுப்பார்கள். அதன் பிறகே பழையதை ஆகுதி செய்வார்கள். பின்னால் வந்தவர்கள் பிரதி எடுப்பதை மறந்துவிட்டு, ஆகுதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஆடிப் பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டதும் இப்படித்தான்.

அப்படியும் பத்துப்பாட்டு பிழைத்தது எப்படி? பல ஊர்களில் பிரதிகள் இருந்தன. ஓர் ஊரில் குறையாக இருந்தது, ஆழ்வார்திருநகரியில் ஒரு கவிராயர் வீட்டில் கிடைத்தது. 1889-இல் ஐயர் அதை அச்சிட்டார். ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981-இல் அங்கே பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின.

இப்போது நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். புது மென்பொருளோ புது வன்தட்டோ போடுவதற்கு முன், படம், கடிதம், பாட்டு எல்லாவற்றையும் தனி வன்தட்டில் பிரதி எடுக்கிறேன். எடுத்ததோடு விடுவதில்லை, நாலைந்தைத் திறந்தும் பார்க்கிறேன். இன்னொரு பிரதி வெளியூரில் மகன் வீட்டில் இருக்கிறது. கணினியின் பெட்டியைத் திறப்பதென்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தைத் தொட்ட பிறகே மற்றதில் கை வைப்பேன். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் நுட்பமான பாகங்களைக் கெடுத்துவிடும். பழைய வன்தட்டைக் கழற்றினாலும் உடனே தூக்கிப் போடுவதில்லை. இரண்டு மாதமாவது பீரோவில் இருக்கட்டும்.

போன மாதம் கணினியில் புது வன்தட்டு போட்டோம். "எல்லாம் இருக்கா தாத்தா?" என்று பேரன் கேட்டான். இருந்தது, அம்மாவின் பாட்டைத் தவிர. அதில் எனக்கு ஞாபகம் உள்ள வரிகளை இப்போது நோட்டில் எழுதி வருகிறேன். ராகம் மட்டும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஏதாவது ஒரே ஒரு பிரதியாக இருந்தால், இன்றைக்கே இன்னொன்று எடுத்து வையுங்கள்.