சதுரப் படத்தின் இறங்குமுகம்: தமிழக ஸ்டுடியோக்களில் 120 ஃபிலிமும் இரட்டை லென்ஸ் கேமராவும்

டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போனது என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. 35 மி.மீ. ஃபிலிமைப் பொறுத்தவரை அது ஓரளவு சரிதான். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் ஒரு தலைமுறைக்கு மேல் நம்பியிருந்த 120 ஃபிலிமுக்கும் அதற்கென்றே செய்யப்பட்ட இரட்டை லென்ஸ் கேமராவுக்கும் அந்த வரி பொருந்தாது. இங்கு பரவலாகப் புழங்கிய யாஷிகா மேட் 124ஜி கேமராவின் உற்பத்தி 1986-இல் நின்றது. உதகையிலிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நலிந்த நிறுவனமென்று 1996-இல் அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா நம் ஸ்டுடியோக்களுக்குள் பரவலாக நுழைந்ததோ அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. கொலை நடந்த அன்று குற்றவாளி ஊரிலேயே இல்லை என்றால் வழக்கை மறுபடி விசாரிக்கத்தானே வேண்டும்?

இக்கட்டுரையின் வாதம் இது: சதுர நெகட்டிவை வீழ்த்தியது இன்னொரு கேமரா அன்று. ஸ்டுடியோவின் பின்கட்டில் இருந்த டார்க் ரூமை மூடவைத்த கலர் லேப்தான் அதை வீழ்த்தியது. ஃபிலிம் ஆலையின் சரிவு அந்த வீழ்ச்சியை விரைவுபடுத்தியது.

சான்றை முதலில் சுவர்களில் தேடலாம். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் இரண்டாம் சாலையின் அடிவாரத்தில் குப்பனூர் இருக்கிறது. அதுபோன்ற சேர்வராயன் மலையடி ஊர்களின் பழைய வீடுகளில் சட்டம் போட்டு மாட்டிய படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு கால அடுக்கு தெரியும்: கறுப்பு வெள்ளையில் நிமிர்ந்து நிற்கும் தம்பதியர், கையால் வண்ணம் தீட்டிய பெரியவர் படம், பிறகு சிவப்பேறி வெளுத்த கலர் படங்கள். ஆனால் சட்டத்தின் வடிவத்தை மட்டும் நம்பிக் காலம் கணித்துவிடக் கூடாது. சதுர நெகட்டிவிலிருந்து பெரிதாக்கும்போது மேலும் கீழுமோ பக்கவாட்டிலோ வெட்டி, அரைப் பிளேட், முழுப் பிளேட் என்ற பழைய நீள்சதுர அளவுகளுக்குள் அடக்குவதே ஸ்டுடியோ வழக்கம். சதுரத்தை அப்படியே காண வேண்டுமென்றால் ஆல்பத்தைத்தான் புரட்ட வேண்டும். கறுப்புத் தாளில் மூலை ஒட்டிச் செருகிய, இரண்டேகால் அங்குலத்துக்கு இரண்டேகால் அங்குலமான சின்னப் படங்கள் அங்கே இருக்கும். அவை காண்டாக்ட் பிரிண்டுகள். நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து விளக்கைப் போட்டு எடுத்தவை. என்லார்ஜர் இல்லாத சிற்றூர் ஸ்டுடியோவும் இதைச் செய்ய முடிந்தது. 35 மி.மீ. நெகட்டிவில் இதே வேலையைச் செய்தால் தபால் தலையைவிடச் சற்றே பெரிய படம்தான் கிடைக்கும். 120 ஃபிலிம் சிற்றூர்கள்வரை பரவியதற்கு இந்த ஒரு காரணமே பெருமளவு போதும்.

இந்த ஃபிலிமை ஈஸ்ட்மன் கோடக் 1901-இல் பிரௌனி கேமரா ஒன்றுக்காகக் கொண்டுவந்தது. நீளமான காகிதத்தோடு சேர்த்துச் சுருட்டிய ஃபிலிம். காகிதத்தின் முதுகில் எண்கள். எளிய கேமராக்களில் பின்புறச் சிவப்புக் கண்ணாடி வழியே எண்ணைப் பார்த்து உருட்டிக்கொள்ள வேண்டும். ஆறுக்கு ஆறு செ.மீ. சட்டத்தில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே இருவரும் நடத்திய நிறுவனம் 1929-இல் ரோலைஃபிளெக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு; நடுவே அசையாத கண்ணாடி; மேலே தேய்த்த கண்ணாடித் திரையில் இடவலம் மாறிய பிம்பம். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரென்று கொண்டாடப்படும் ஹோமாய் வியாரவாலா கையாண்ட கேமராக்களில் ரோலைஃபிளெக்ஸும் ஒன்று.

ரோலைஃபிளெக்ஸ் வாங்கும் வசதி எல்லா ஸ்டுடியோவுக்கும் இருக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியது ஜப்பானின் யாஷிகா. 1957-இல் யாஷிகா மேட், 1968-இல் 124, 1970-இல் 124ஜி என்று வந்தவை, ஜெர்மன் விலையில் சிறு பகுதிக்கு ஏறக்குறைய அதே வேலையைச் செய்தன. 120 ரோலில் 12 படம், 220 ரோலில் 24 படம் எடுக்கலாம் என்பதையே அதன் எண் குறிக்கிறது. 635 என்ற மாடலில் ஒரு துணைக்கருவியைப் பொருத்தி 35 மி.மீ. ஃபிலிமையும் போட முடிந்தது. அயல்நாட்டுக் கேமராவை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. சிங்கப்பூர், மலேயா போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்ததும், 1969-க்குப் பின் சென்னை பர்மா பஜாரில் கிடைத்ததும், பழையதாகக் கைமாறியதுமாகத்தான் பல கேமராக்கள் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. அதனால்தான் அவற்றை யாரும் தூக்கி எறியவில்லை. ஷட்டர் சிக்கினால் பிரித்துத் துடைத்து மறுபடி ஓடவிடும் மெக்கானிக்குகள் இருந்தார்கள். முழுக்க இயந்திர விசையில் ஓடும் பெட்டி. 124ஜி-யில் மின்கலம் மீட்டருக்கு மட்டும்தான். மீட்டர் செத்தாலும் கேமரா சாகாது.

தொழில் நோக்கில் இந்தக் கேமராவின் குணங்கள் மூன்றைச் சொல்ல வேண்டும். அதன் இலை ஷட்டர் எந்த வேகத்திலும் ஃபிளாஷோடு ஒத்துப்போனது. பகல் வெளிச்சத்தில் பந்தலுக்குள் நிற்கும் மணமக்களுக்கு அது பெரிய வசதி. கண்ணாடி அசையாததால் சத்தமும் அதிர்வும் குறைவு. மூன்றாவதை ஏனோ யாரும் எழுதுவதில்லை: படம் எடுப்பவர் கேமராவை முகத்துக்கு முன்னால் பிடிப்பதில்லை, வயிற்றருகே பிடித்துத் தலையைக் குனிந்துகொள்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரை ஒரு குழாய் வெறிப்பதில்லை. கேமரா தாழ்வாக இருப்பதால் உருவம் சற்று ஓங்கியும் தெரியும். அக்காலப் படங்களில் காணும் அந்தக் கம்பீரத்தில் பாதி மனிதருடையது, பாதி கேமராவின் உயரத்தால் வந்தது என்பது என் கணிப்பு.

வீட்டுக் கேமராவும் இதே ஃபிலிமில்தான் ஓடியது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III பல நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமரா. மலையேறி ஏற்காடு ஏரிக்கரையில் நின்று எடுத்த ரோலைக் கீழே இறங்கியதும் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி, சதுரப் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்டுடியோவும் வீடும் ஒரே ரோலைப் பகிர்ந்துகொண்டதால் அந்த ஃபிலிமுக்கு எங்கும் கிராக்கி இருந்தது.

அந்தத் தேவையை உள்நாட்டிலேயே நிறைவேற்றும் எண்ணத்தில் எழுந்ததுதான் உதகை ஆலை. 1960-இல் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவாகி, பிரான்ஸின் போஷே நிறுவனத் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசியற்ற காற்று, குளிர்ந்த வானிலை, நல்ல நீர் மூன்றும் ஃபிலிம் பூச்சுக்கு இன்றியமையாதவை; நீலகிரியில் மூன்றும் கிடைத்தன. ‘இந்து’ என்ற பெயரில் ரோல் ஃபிலிம், புகைப்படத் தாள், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயர். ஜப்பான் கேமரா, நீலகிரி ஃபிலிம், உள்ளூர் டார்க் ரூம் என்று அமைந்த இந்த ஏற்பாடு 1970களில் உறுதியாகவே நின்றது. ஆனால் அது கறுப்பு வெள்ளையின்மேல் கட்டிய ஏற்பாடு.

டச்சிங் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கறுப்பு வெள்ளைப் பொருளாதாரம் புரியாது. கழுவிக் காய்ந்த நெகட்டிவைச் சாய்மேசையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, கூர்சீவிய பென்சிலால் முகத்தின் அம்மைத் தழும்பையும் கண்ணடிக் கருவளையத்தையும் ஒவ்வொன்றாக நிரப்புவார்கள். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் இந்த வேலைக்கு மதிப்பு அதிகம். ஆறு செ.மீ. நெகட்டிவில் முகம் கைவேலைக்கு அடங்கும் அளவில் இருந்தது, 35 மி.மீ.-இல் பென்சில் முனையே முகத்தின் பாதியை மறைத்துவிடும். கலர் நெகட்டிவிலோ, அளவு எதுவானாலும், ஆரஞ்சு நிற அடித்தளத்தின்மேல் நிறங்கள் தலைகீழாக நிற்பதால் பென்சிலுக்கு வேலையே இல்லை. ஸ்டுடியோக்காரரின் தனித்திறன் எது என்று கேட்டால், படம் எடுப்பதைவிட இந்தக் கைவேலையைத்தான் நான் முன்னால் வைப்பேன். கலர் முதலில் தட்டிப் பறித்தது இதைத்தான்.

கலர் மீதான ஆசை இங்கு புதிதல்ல. ஏற்காட்டு மலையடியில், சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் கேவா கலரில் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் வண்ணப் படம். ஆனால் திரையில் கலர் பார்த்த அதே ஊர்க்காரர் தம் கல்யாணத்துக்குக் கலர் ஆல்பம் போட இரண்டு, மூன்று பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கலர் நெகட்டிவைக் கழுவ வெப்பநிலையை அரைப் பாகைக்குள் பிடித்துவைக்க வேண்டும். மின்வெட்டும் கோடைச் சூடும் நிறைந்த சிற்றூர் டார்க் ரூமில் அது ஆகிற காரியமன்று. ஜப்பானின் நோரிட்சு போன்ற நிறுவனங்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து செய்த மினிலேப் எந்திரங்கள் இந்தத் தடையைத் தகர்த்தன. 1980களின் இறுதியிலும் 1990களிலும் நம் நகரங்களில் கலர் லேப் பலகைகள் வரிசையாக எழுந்தன.

மினிலேப் முதன்மையாக 35 மி.மீ.-ஐ மனத்தில் வைத்து அமைந்த எந்திரம். 24-க்கு 36 மி.மீ. நெகட்டிவ், நாலுக்கு ஆறு அங்குலத் தாள் — நம் ஊரில் ‘மேக்ஸி சைஸ்’ — இரண்டின் விகிதமும் ஒன்றே. சதுர நெகட்டிவுக்குத் தனிச் சட்டம் வேண்டும், தாளில் ஓரம் வீணாகும், வேலை வரிசையிலிருந்து விலக்கித் தனியாகச் செய்ய வேண்டும். நேரமும் கட்டணமும் கூடின.

இதோடு சேர்ந்தது ஒரு கணக்கு. 120 ரோல் ஒன்றின் பரப்பும் 36 படமுள்ள 35 மி.மீ. ரோல் ஒன்றின் பரப்பும் ஏறக்குறைய சமம். ஒன்றில் பன்னிரண்டு படம், மற்றதில் முப்பத்தாறு. படத்துக்குப் படம் பார்த்தால் சதுரத்துக்கு மும்மடங்கு ஃபிலிம் செலவாகிறது. கறுப்பு வெள்ளைக் காலத்தில் இந்த வேறுபாடு உறைக்கவில்லை. ஃபிலிம் மலிவு, கழுவுவது சொந்த உழைப்பு, ஒரு கல்யாணத்துக்குச் சில ரோல்களே போதும். தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்துவிடக் கூடாதென்று மூன்று படம் பாக்கியிருக்கும்போதே புது ரோல் மாட்டிக்கொள்வது கெட்டிக்காரர் வழக்கம். கலர் ஃபிலிமின் விலையில் அந்த மூன்று படத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. வாடிக்கையாளரும் நூறு, இருநூறு என்று படங்களை எண்ணிக் கேட்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் வீடியோக்காரர் வேறு நின்றார். மேக்ஸி அளவில் பார்க்கும்போது சதுர நெகட்டிவின் மூன்றரை மடங்குப் பரப்பு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தரத்தில் தோற்காத ஒன்று, தரம் தெரியாத அளவுத் தாளில் தோற்றது.

யாஷிகாவின் வரலாறே இதற்குச் சான்று. 1983-இல் கியோசெரா அந்நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. மூன்றாண்டில் 124ஜி நின்றது. அதற்குப் பிறகும் தமிழ் வீடுகளில் யாஷிகா என்ற பெயர் மறையவில்லை, இன்னும் பெருகியது. பீரோவுக்குள் இருந்தது எம்.எஃப்-2 என்ற எளிய 35 மி.மீ. கேமரா. ஹாட்ஷாட் என்ற கேமராவும் அதுவுமாகக் கிளிக் III-இன் இடத்தைப் பிடித்தன. வீட்டுக் கேமரா 120-ஐ விட்டதும் ஸ்டுடியோ மட்டும் தனியே அந்த ரோலைத் தாங்க வேண்டியதாயிற்று. கடைக்காரர்கள் வாங்கிவைப்பதைக் குறைத்தார்கள்.

உதகை ஆலை இதே ஆண்டுகளில் வேறொரு பந்தயத்தில் இறங்கியிருந்தது. அமெரிக்காவின் டுபாண்ட் தொழில்நுட்பத்தோடு பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்துக்காகப் பெருங்கடன் வாங்கியது. 1991-க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. பன்னாட்டு ஃபிலிம்கள் நேரடியாகக் கடைக்கு வந்தன. கடனும் வட்டியும் ஏறின. 1996-இல் நலிந்த நிறுவனமாகி, 2003-இல் கலைத்துவிடும்படி தொழில், நிதிச் சீரமைப்பு வாரியம் பரிந்துரைத்து, 2014-இல் எஞ்சிய தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து முடிந்தது அந்தக் கதை. ஆலையை மூடியதால்தான் சதுரப் படம் செத்தது என்று சொல்ல மாட்டேன். 1990களில் இறக்குமதி 120 ரோல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மலிவான உள்நாட்டுக் கறுப்பு வெள்ளை ரோல் அரிதானதும், பழைய கேமராவை அடையாள அட்டைப் படத்துக்காவது வைத்திருந்த கடைசிச் சிலரும் கைவிட்டார்கள் என்ற அளவுக்குச் சொல்லலாம்.

உலக அளவில் முடிவு 2005-ஐ ஒட்டி ஒரே கொத்தாக வந்தது. ஆக்ஃபா போட்டோ திவாலானதும், கியோசெரா கேமராத் தொழிலைவிட்டு விலகியதும் 2005-இல். கோனிகா மினோல்டா வெளியேறியதும் மாமியா தன் கேமராப் பிரிவை விற்றதும் 2006-இல். அங்கெல்லாம் டிஜிட்டல்தான் காரணம். விளம்பரம், ஃபேஷன் துறைகளில் மாமியா, ஹாசல்பிளாட் போன்ற 120 கேமராக்கள் கடைசிவரை உழைத்துக்கொண்டிருந்த நாடுகள் அவை. நம் ஊரில் அந்தச் செய்தி வந்தபோது இரட்டை லென்ஸ் கேமரா ஏற்கெனவே அலமாரியில் இருந்தது.

இனி இந்த ஆய்வு நகர வேண்டிய இடம் கேமரா அன்று, நெகட்டிவ். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு 1880 முதல் 1980 வரையான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். 1980-க்குப் பிந்திய இருபதாண்டு, அதாவது சதுரம் நீள்சதுரமாக மாறிய காலம், இன்னும் ஸ்டுடியோக்களின் பரணில்தான் கிடக்கிறது. அசிடேட் அடித்தள ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் புளித்த காடி வாடையோடு சுருங்கிச் சிதையும். சேலத்துக் கோடை அதை விரைவாக்கும். மலைமேல் சூடு குறைவு என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது, ஏற்காட்டு ஈரத்தில் ஜெலட்டின்மேல் பூஞ்சை பிடிக்கும். நெகட்டிவ் உறைகளின்மேல் எழுதிய எண்ணும் ஆர்டர் நோட்டும் சேர்ந்து கிடைக்கும் ஸ்டுடியோக்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஆண்டு, எந்த வேலைக்கு, எந்த ரோல் என்பது அங்கே ஸ்டுடியோக்காரரின் கையெழுத்திலேயே பதிவாகியிருக்கும். கலர் லேப் சதுரத்தைத் தள்ளியது எப்போது என்பதை ஊர்வாரியாகச் சொல்ல அந்த நோட்டுகளைவிட நல்ல ஆவணம் வேறு இல்லை.