மை காய்வதற்குள் வரும் செய்திகள்

தேர்தல் நாளில் பேச்சை அடக்கச் சட்டம் எழுதியவர்கள், காவிரிப் படுகையில் ஒரு நாளாவது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு. ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும், உண்மைதான். அது ஓய்ந்த பிறகுதான் ஊர் பேசவே ஆரம்பிக்கும்.

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெரும்பாலும் என்னைப் போல ஓய்வூதியக்காரர்கள். காலையில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, அன்று குழுவில் வந்ததையெல்லாம் ஒரு பழைய நோட்டில் வகை பிரித்து எழுதினேன். குமாஸ்தா புத்தி, என்ன செய்வது? மை வைத்த விரல்களின் படம்தான் முதலிடம். அடுத்து வெயில், மோர், எந்தப் பள்ளிக்கூடத்தில் வரிசை நீளம் என்ற தகவல். நடிகர்கள் ஓட்டுப் போட வந்த வீடியோக்கள். ‘ஒரு பட்டனை அழுத்தினால் வேறு விளக்கு எரிகிறது’ என்ற, ஊர் பெயரே இல்லாத ஒரு குரல் பதிவு. நடுவில் ஒரு கிரகப்பிரவேச அழைப்பிதழ். இரவு ஏழரைக்கு லக்னோவில் சென்னை அணியின் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியதும் நாட்டின் தலைவிதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தோனி ஒன்பது பந்தில் 28 ஓட்டம் அடித்தும் சென்னை தோற்றது. அந்தத் துக்கத்துக்குத்தான் குழுவில் அதிகச் செய்திகள்.

“எங்க காலத்துல இப்படியா?” என்று கேட்டு ஒருவர் பெருமூச்சு விட்டிருந்தார். எங்கள் காலத்திலும் இப்படித்தான். கருவிதான் வேறு.

1937-இல் சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் கட்சிக்கு ஒரு நிறப் பெட்டி. காங்கிரசுக்கு மஞ்சள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டிதான். வாக்காளர் சீட்டை எந்தப் பெட்டியில் போடுகிறாரோ அவருக்கு ஓட்டு. தஞ்சாவூரிலிருந்து ஆர். வெங்கட்ராமன் மக்களவைக்குப் போனது அந்தத் தேர்தலில்தான். பின்னாளில் குடியரசுத் தலைவரானவர்.

நான் பிறந்ததும் படித்ததும் காரைக்காலில். படிப்பு முழுக்கப் பிரெஞ்சு மொழியில். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் தஞ்சை ஜில்லாவில் அரசாங்க எழுத்தர் வேலை. ஆகவே தேர்தல் கதைகளும் எனக்கு இரண்டு வழியாக வந்தவை. பிரெஞ்சிந்தியாவில் நம்மவர்களுக்கு 1870-களிலேயே ஓட்டு இருந்தது; பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து ஒரு பிரதிநிதி போவார். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அந்தத் தேர்தல்கள் தடியடிக்கும் பெட்டி நிரப்புதலுக்கும் பேர்போனவை. வாக்குப்பதிவு அன்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்குப் பதிலாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்களாம். கடைசியில் 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170-க்கு 8 என்ற கணக்கில் இந்தியாவோடு சேர முடிவு செய்தார்கள். பிரெஞ்சிந்தியாவில் நடந்த வாக்கெடுப்புகளில் கணக்குப் பற்றி யாரும் சண்டை போடாதது இது ஒன்றுதான் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். கொஞ்சம் மிகைதான்.

தஞ்சைப் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1962-இல் கலைஞர் கருணாநிதி தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதியில் பரிசுத்த நாடாரை எதிர்த்து நின்று ஜெயித்தார். 1967-இல் அலையே வீசியது. ஜனவரி 12-இல் எம்.ஆர். ராதா சுட்டதில் காயம்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்துக் கட்டோடு இருந்த படம் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போயிற்று. ஒரு படம் ஆயிரம் மேடைப்பேச்சின் வேலையைச் செய்ததை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற வாக்குறுதியை நாடே பேசியது. ஆனால் எங்கள் தாத்தா ஊர்த் திண்ணையில் அந்தப் பேச்சு வேறு மாதிரி ஓடியது. நிலம் உள்ளவர்கள், “அப்ப நம்ம நெல்ல என்ன வெலைக்கு எடுப்பான்?” என்று கேட்பார்கள். கூலியை நெல்லாக அளந்து வாங்குகிறவர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதைப் பெட்டியில் சொன்னார்கள். ஊர்ப்பேச்சில் யார் குரல் ஓங்கியிருக்கிறது என்பதை வைத்து முடிவைக் கணிக்கக் கூடாது என்பது அந்த வருஷமே தெரிந்துவிட்டது. கணிப்பவர்கள் இன்றும் அப்படித்தான் கணிக்கிறார்கள்.

வதந்தி என்று எடுத்துக்கொண்டால் எனக்கு 1971-தான் முதல். இந்திரா காந்தி பெரும் வெற்றி பெற்றார். இங்கே காமராஜர் பக்கம் படுதோல்வி. நம்ப முடியாதவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ‘ரஷ்ய மை’ என்று ஒன்று கிளம்பியது. வாக்குச்சீட்டில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத முத்திரை உண்டாம். நாம் குத்துகிற முத்திரை கொஞ்ச நேரத்தில் மறைந்து, அது வெளியே வந்துவிடுமாம். வடக்கே ஜனசங்கத் தலைவர் பல்ராஜ் மதோக் இதை வெளிப்படையாகவே சொன்னார். உச்ச நீதிமன்றம் வரை போய், அது நிற்கவில்லை. ஆனால் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் படித்தவர்கள் இதைப் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கைபேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. தபால் கார்டு, ரயில் பெட்டி, கல்யாணப் பந்தல் இவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

1984-ஐச் சொல்லாமல் விட முடியாது. அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்ட செய்தியை அகில இந்திய வானொலி மாலை வரை சொல்லவில்லை. பிபிசி முன்னதாகவே சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் டெல்லி சொல்வதை அயல்நாட்டு வானொலி உறுதி செய்தால்தான் நம்புவது என்றாயிற்று. எம்.ஜி.ஆரோ நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். டிசம்பர் 24-இல் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்தே வாக்குப்பதிவு. அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே ஊர்ப்பேச்சு. அதற்கு மருந்தாக, மருத்துவமனையில் அவர் உட்கார்ந்து சாப்பிடும், சிரிக்கும் காட்சிகளை வீடியோவாக எடுத்து வந்து கிராமம் கிராமமாகப் போட்டுக் காட்டினார்கள். வாடகை டெக்கில் படம் பார்த்துப் பழகிய ஜனங்கள் அதையும் அப்படியே பார்த்தார்கள். ஆண்டிபட்டிக்கு ஒரு தடவைகூட வராமல் அவர் அங்கே ஜெயித்தார். ஒரு வதந்தியைக் காட்சியால் அடித்த முதல் தேர்தல் இந்த மாநிலத்தில் அதுதான் என்பது என் அபிப்பிராயம். அந்தக் காலத்தில் வீடியோவைப் பார்த்தவர்கள் ‘இது நிஜமா?’ என்று கேட்டதில்லை. இன்று முதல் கேள்வியே அதுதான்.

என் பங்குக்குப் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மை வைக்கிற நாற்காலி. 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூர் வர்ண ஆலையில் தயாராகி வரும் மை அது. வெள்ளி நைட்ரேட் கலந்தது. வெயில் பட்டால் கறுக்கும், நகம் வளர்ந்துதான் போகும். விரலை நீட்டும்போது ஜனங்கள் ஏதாவது சொல்லாமல் நீட்டுவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, பெண்ணுக்கு வரன் அமைந்ததா, இன்னும் எத்தனை பேர் வரிசையில். யாருக்குப் போட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இந்த மையைப் பற்றித் தஞ்சாவூருக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில், பணப் பட்டுவாடா புகாரால் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் வாக்குப்பதிவை ஆணையம் தள்ளிவைத்து, பிறகு ரத்தே செய்தது. ராஜராஜன் ஊருக்கு இப்படியும் ஒரு பெயர் கிடைத்தது. மறு வாக்குப்பதிவு நவம்பர் 19-இல். அதற்குப் பதினொரு நாள் முன்னால், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிப்பு. நோட்டு மாற்ற ஒரே ஆள் பலமுறை வருவதைத் தடுக்க, வங்கிகளில் தேர்தல் மையை விரலில் வைக்க ஆரம்பித்தார்கள். நம் ஆட்கள் உடனே, “பேங்க்ல மை வெச்சா ஓட்டுப் போட முடியாதாம்” என்று பரப்பிவிட்டார்கள். முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. தேர்தல் ஆணையமே நிதி அமைச்சகத்துக்கு, இது தேர்தலில் குழப்பம் உண்டாக்கும் என்று கடிதம் எழுதியது. வங்கியில் வலது கை, ஓட்டுக்கு இடது கை என்று விளக்கம் வந்தது. பணத்துக்காக நின்றுபோன தேர்தல், பணமே செல்லாத வாரத்தில் நடந்தது. வீடு வீடாக என்ன பேசினார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

2019-இல் வந்தது வேறு தினுசு. அதற்கு முந்தின தீபாவளிக்கு விஜய் நடித்த ‘சர்கார்’ வெளியானது. தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டதால் கதாநாயகன் 49பி விதியைப் பிடித்துக்கொள்கிற கதை. விதி நிஜமானதுதான். உங்கள் பெயரில் யாரோ போட்டுவிட்டால், உங்களை விசாரித்துவிட்டு ஒரு காகிதச் சீட்டைக் கொடுப்பார்கள். அதை உறையில் தனியே வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவுக்கு முன் கைபேசிகளில் சுற்றியது என்ன? ‘ஒரு சாவடியில் இப்படிப்பட்ட ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறு வாக்குப்பதிவு.’ ‘பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டிச் சேலஞ்ச் ஓட்டுப் போடலாம்.’ இரண்டுக்கும் சட்டத்தில் இடமே கிடையாது. சேலஞ்ச் என்பது, வந்தவர் உண்மையான வாக்காளர்தானா என்று ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. இரண்டு ரூபாய்தான், விலைவாசி தொடாத ஒரே இனம்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண்மணி அன்று ஒரு கிராமத்தில் தலைமை அலுவலர். மறுநாள் போனில் சொன்னார்: “சார், பட்டியல்ல பேரே இல்லாத ஒரு பாட்டி, பேரன் அனுப்பின மெசேஜை வெளியில கேட்டுட்டு வந்து நின்னாங்க. நான் இல்லைன்னு சொன்னதும், ‘சட்டம் இருக்குங்குறான், நீ மறைக்கிறியா தாயி’ன்னு அழுதுட்டாங்க சார்.” இதைத்தான் நான் அற்பமாக நினைக்க முடியாமல் இருக்கிறேன். கிரிக்கெட்டும் கிரகப்பிரவேசமும் யாரையும் ஒன்றும் செய்யாது. எம்.ஜி.ஆர். வதந்திகூட ஒரு தலைவரைப் பற்றியது. நடைமுறையைப் பற்றிய பொய், மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எழுத்தரையும் அந்தப் பக்கம் நிற்கிற கிழவியையும் ஒருவருக்கொருவர் திருடராக்கிவிடுகிறது. வாட்ஸ்அப் நிறுவனம் 2018-இலேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. சமூக ஊடக நிறுவனங்கள், ஆணையம் சொன்னால் மூன்று மணி நேரத்தில் தவறானதை எடுத்துவிடுவதாக 2019 மார்ச்சில் ஒப்புக்கொண்டன. மூன்று மணி நேரத்தில் அந்தப் பாட்டி வீட்டுக்குத் திரும்பியே போய்விட்டார்.

பிரான்சிலும் இந்தத் தொல்லை உண்டு. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் எங்கள் உறவினர்கள் இன்றும் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். அங்கே இரவு எட்டு மணிக்கு முன் முடிவின் போக்கை வெளியிட்டால் 75,000 யூரோ அபராதம். 2012-இல் ட்விட்டரில் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டாம் உலகப்போரில் லண்டன் வானொலி சங்கேதச் செய்தி அனுப்பியதை நினைத்து, ‘ரேடியோ லோந்த்ர்’ என்று பெயர் வைத்தார்கள். ஹொலாந்துக்கு ‘கூடா’ என்ற டச்சுப் பாலாடைக்கட்டி. ஹங்கேரிய வம்சாவளி சர்க்கோசிக்கு அந்நாட்டு ‘டொக்காய்’ ஒயின். ‘பாலாடைக்கட்டி விலை ஏறுகிறது’ என்று எழுதினால் எந்த நீதிபதி அபராதம் போடுவார்? நான் அன்று சிரித்ததற்கு அளவில்லை. அந்தக் கேலியில் நடைமுறையைப் பற்றிப் பொய் ஏதும் கிடையாது.

இப்போது மறுபடி 2024. அன்று இரவு ஏழு மணிக்கு மாநிலத்தில் 72.09 சதவீதம் வாக்குப்பதிவு என்று அதிகாரபூர்வமாகவே சொன்னார்கள். நள்ளிரவு தாண்டி அது 69.46 ஆயிற்று. இறுதிக் கணக்கு 69.72. முதல் எண் செயலி வழியாக ஒரு பகுதிச் சாவடிகளிலிருந்து வந்த தோராயம். ஆனால் மறுநாள் காலை எங்கள் குழுவில் கிரிக்கெட் துக்கம் ஆறி, ‘ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டு எங்கே போச்சு?’ என்று ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். ரஷ்ய மை ஐம்பத்து மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தது போல் இருந்தது.

எதிர் வீட்டுக்காரர் அந்தத் தேர்தலில் ஒரு கட்சிக்குப் பூத் ஏஜென்ட். குழுவில் அவர் ஒன்றுமே எழுதவில்லை. நேரில் போய்க் கேட்டேன். “இருக்கு சார்” என்று உள்ளே போய், முதல் நாள் போட்டிருந்த சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து வந்தார். படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் தலைமை அலுவலர் கையெழுத்திட்டு ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்கும் நகல். அந்தச் சாவடியில் எத்தனை வாக்காளர், எத்தனை ஓட்டு இயந்திரத்தில் பதிவாயிற்று, 49பி-யில் எத்தனை சீட்டுக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசிக் கட்டத்தில் பூஜ்யம். இந்தப் படிவங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடச் சொல்லி அந்த வருஷம் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது இடைக்கால உத்தரவு போட முடியாது என்று மே 24 அன்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. போடலாம் என்பதுதான் என் கட்சி. முப்பது வருஷம் பேரேடு எழுதியவன் வேறு எப்படிச் சொல்வேன்?

“இதை குரூப்புல போட்டுடட்டுமா சார்?” என்றார். போடச் சொன்னேன். ஜூன் 4-இல் எண்ணும்போது தேவைப்படும் என்று காகிதத்தை மின்கட்டண அட்டைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டினார்.