வலிமையும் நம்பகமும்: திருவண்ணாமலை வல்லாளனும் மதுரை சுல்தானும்



எகிப்திலிருந்து தனியராக வந்து சேர்ந்த ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள், மத்யன் கிணற்றருகே ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவரைப் பணிக்கு அமர்த்துமாறு பரிந்துரைத்தபோது இரண்டே தகுதிகளைச் சொன்னார்: வலிமை, நம்பகம். குலமோ செல்வமோ அங்கே பேசப்படவில்லை. இச்செய்தி இடம்பெறும் அல்கஸஸ் அத்தியாயத்திலேயே, தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாக அனுப்புமாறு மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டுவதையும் காண்கிறோம். தம்மிடம் எது உண்டு, எது இல்லை என்பதை அறிந்திருந்த தலைவர் அவர்.

நம் பெருமானார் (ஸல்) அவர்களின் வழிமுறையும் இதுவே. உண்மை பேசுவதில் அபூதர் (ரலி) அவர்களுக்கு இணையானவர் இல்லை என்று புகழ்ந்த நபியவர்கள்தாம், அவர் பதவி கேட்டபோது, அது ஓர் அமானிதம் என்றும் அதனைச் சுமக்கும் வலு அவரிடம் இல்லை என்றும் அன்போடு மறுத்தார்கள். மறுபுறம், ஹிஜ்ரி 8-இல் இஸ்லாத்தை ஏற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் சில மாதங்களிலேயே தாத்துஸ் ஸலாஸில் படைக்குத் தளபதியாக்கப்பட்டார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற மூத்தோர் அவருக்குக் கீழ் சென்றார்கள். போர்த்தந்திரம் அவரது இயல்பு. தக்வாவில் யார் மேல் என்ற கேள்வி அங்கே எழவில்லை. நமது மஹல்லாக்களில் முத்தவல்லி தேர்வு வரும்போது, குரல் உயர்ந்தவரையும் பணம் மிகுந்தவரையும் தவிர வேறு எவரும் கண்ணில் படாமற்போவதை எண்ணிப் பாருங்கள்!

வலிமை இருந்து நம்பகம் இல்லாமற்போனால் என்ன ஆகும்? அதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நாம் வாழும் இத்திருவண்ணாமலையின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

இங்குள்ள பெரிய கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரத்தை நாம் அன்றாடம் கடந்து செல்கிறோம். அப்பெயருக்குரியவர் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். 1311-இல் மாலிக் கபூரின் படை அவரது தலைநகர் துவாரசமுத்திரத்தை அடைந்தது. 1327 அளவில் முகம்மது பின் துக்ளக்கின் படை அந்நகரை அழித்தது. தலைநகரை இழந்தும் மன்னர் ஒடிந்துவிடவில்லை. இம்மலையடிவாரத்தைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். பணிய வேண்டிய நேரத்தில் பணிந்து, காலம் கனிந்ததும் எழும் பொறுமையே அவருக்கு வாய்த்த இயற்கை ஆற்றல். அதைக் கொண்டே முதுமை வரை அரசைக் காத்தார்.

1335 அளவில் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா மதுரையில் தனி சுல்தானகம் அமைத்தார். அடுத்தடுத்து ஆட்சி கைமாறி, கியாசுத்தீன் தாமகானி என்பவர் அரியணை ஏறினார். அவருக்கும் வல்லாளருக்கும் 1342 அளவில் நடந்த போரை, விரைவிலேயே மதுரைக்கு வந்த உலகப் பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். வல்லாளரின் படை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்றும், அதில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்களும் இருந்தார்கள் என்றும், சுல்தானிடம் இருந்தது 6,000 பேர் மட்டுமே என்றும் அவர் குறிப்பிடுகிறார். எண்ணிக்கை கூடக்குறைய இருக்கலாம். ஆனால் இதனை இரு சமயங்களின் போர் என்று மேடையில் முழங்குவோர், அந்த 20,000 பேரை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள்?

திருச்சிக்கு அருகிலுள்ள கண்ணனூர்க் கோட்டையை வல்லாளர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டார். உள்ளே 14 நாட்களுக்கான உணவே மிஞ்சியது. சரணடைந்தால் பத்திரமாக வெளியேறலாம் என்றார் மன்னர். சுல்தானிடம் கேட்க வேண்டும் என்று கோட்டையார் சொல்ல, 14 நாள் தவணையும் தந்தார். கோட்டையாரின் கடிதம் மதுரையில் வெள்ளிக்கிழமை மக்கள் முன் வாசிக்கப்பட்டது. மக்கள் அழுதார்கள். வீரர்கள் தலைப்பாகையைக் கழற்றித் தம் குதிரைகளின் கழுத்தில் கட்டினார்கள். சாவுக்குத் துணிந்தோம் என்பதற்கு அதுவே அடையாளம். தவணையை நம்பி, குதிரைகளை மேய்ச்சலுக்கு அனுப்பிவிட்டு நண்பகல் ஓய்வில் இருந்தது வல்லாளரின் பாசறை. பாய்ந்து வந்தவர்களைக் கள்வர்கள் என்றே முதலில் நினைத்தார்களாம். 80 வயது மன்னர் சிறைப்பட்டார்.

துணிவும் விரைவும் கியாசுத்தீனின் இயற்கை ஆற்றல்கள். அதில் ஐயமில்லை. ஆனால் இதனை வெற்றி என்று கொண்டாட நம் மார்க்கம் இடம் தருகிறதா? ரோமானியரோடு செய்த உடன்படிக்கையின் கெடு முடியுமுன் எல்லை நோக்கி முஆவியா (ரலி) அவர்கள் படை நடத்தியபோது, அம்ர் இப்னு அபஸா (ரலி) அவர்கள் குதிரையில் விரைந்து வந்து, வாக்கைக் காப்பதே கடமை, வஞ்சகம் கூடாது என்று உரக்க அறிவித்தார்கள். நபிமொழியைக் கேட்டதும் முஆவியா (ரலி) அவர்கள் படையோடு திரும்பிவிட்டார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவான நிகழ்ச்சி இது. மதுரைப் படையின் குறுக்கே குதிரையை நிறுத்த ஓர் அம்ர் இப்னு அபஸா இல்லாமற்போனாரே!

அடுத்து நடந்தது இன்னும் கொடியது. விடுதலை செய்வதாக நம்பவைத்து, யானைகளையும் குதிரைகளையும் செல்வத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, சுல்தான் அம்முதியவரைக் கொன்றார். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். தொங்கியதைத் தம் கண்ணாலேயே கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். சிறைப்பட்டோரின் மனைவியரையும் பச்சிளம் குழந்தைகளையும்கூட சுல்தான் கொன்றதைப் பார்த்து, இத்தகைய இழிசெயலை வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவரது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்கிறார்.

இதை எழுதியவர் யார்? ஓர் ஆலிம், டில்லியில் காஜியாக இருந்தவர். அதுமட்டுமன்று, அஹ்சன் ஷாவின் ஒரு மகளை அவரும் மற்றொரு மகளைக் கியாசுத்தீனும் மணந்திருந்தனர். ஆக, சுல்தானுக்குச் சகலை! உறவும் மார்க்கமும் ஒன்றாயிருந்தும் அநீதியை அநீதி என்றே எழுதினார். அந்த எழுதுகோல்தான் அவருக்கு அல்லாஹ் அளித்த ஆற்றல்.

கியாசுத்தீன் நெடுநாள் வாழவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. தாயும் மனைவியும் ஒரே மகனும் மடிய, அவரும் மடிந்தார். அதே நூற்றாண்டில் விஜயநகரப் படை சுல்தானகத்தையே முடித்துவைத்தது.

வல்லாளருக்குப் பின் அரியணை ஏறிய மகன் இருந்ததாக வரலாறு கூறுகிறது. ஆனால் இவ்வூர் மக்களின் வழக்கில் அவர் பிள்ளையில்லாத மன்னர். நம் அண்டை வீட்டு இந்து சகோதரர்கள், தம் இறைவனே அவருக்கு மகனாக நின்று இறுதிக் கடன் செய்வதாக நம்பி, ஒவ்வோர் ஆண்டும் மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு உற்சவரை எடுத்துச் செல்கிறார்கள். ஏறக்குறைய 680 ஆண்டுகள் கடந்த பின்னும் அம்முதியவருக்காக இவ்வூர் ஆற்றங்கரைக்குப் போகிறது. கியாசுத்தீனின் பெயரைக் கேட்டால், நம்மவரிலேயே அறிந்தோர் மிகச் சிலர்.