கோலாலம்பூரின் பெரிபெரியும் தமிழரின் புழுங்கல் அரிசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் சிலாங்கூர் மாநில ஈயச் சுரங்கங்களிலும் சிறையிலும் ஏராளமானோரைக் கொன்ற நோய்களில் ஒன்று பெரிபெரி. முதலில் பாதம் மரத்துப்போகும். கெண்டைக்காலை அமுக்கினால் நோயாளி வலியில் துடிப்பார். குந்தி உட்கார்ந்தவரால் எழ முடியாது. நடந்தால் முன்பாதம் தொங்கித் தரையில் உரசும். நோயின் இன்னொரு வடிவத்தில் உடம்பு வீங்கும், இதயம் திடீரென நின்றுவிடும்.

கெண்டைக்காலில் நடப்பது இது. தசையின் ஒவ்வோர் இழையும் மெல்லிய, நீண்ட ஓர் உயிரணு. அதற்குள் மயோசின், ஆக்டின் என்னும் புரதச் சரடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்க, இழை சுருங்குகிறது. அந்த விசை இழையின் நுனி வழியே தசைநாணுக்குப் போகிறது. பக்கவாட்டிலும் பரவி, இழைகளைப் பொதிந்திருக்கும் இணைப்புத்திசு வழியாக அதே நாணைச் சேர்கிறது. நாண் எலும்பை அசைக்கிறது. ஆனால் நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் சுரக்காமல் எதுவும் தொடங்காது. பெரிபெரியில் கால் தளர்வதற்கு முதற்காரணம் நரம்பின் சேதம். அதிலும் பாதம்வரை ஓடும் மிக நீளமான நரம்புகளே முதலில் கெடும். நரம்பின் ஆணை வராத தசை இழைகள் மெலிந்து தேயும்.

1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், கோலாலம்பூர் சிறைக் கைதிகளிடையே இந்நோயை ஆராய்ந்து, குடலில் புகும் கிருமியே காரணம் என்றார். எதற்கெடுத்தாலும் கிருமியைத் தேடிய காலம் அது. நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் லியனார்ட் பிராடன் பார்த்தது வேறு: யார் என்ன சோறு உண்கிறார்கள் என்பதை. இயந்திரத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர் சாரிசாரியாக விழுந்தனர். கைக்குத்தல் அரிசி உண்ட மலாய்க் கிராமத்தார் தப்பினர். ரயில் பாதையிலும் தோட்டங்களிலும் உழைத்த தமிழர், கூலியிலும் குடியிருப்பிலும் எவ்வகையிலும் மேலான நிலையில் இல்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களை வாரிக்கொண்டு போயின. ஆனால் பெரிபெரி மட்டும் அவர்களிடம் அரிது. அவர்கள் உலையில் போட்டது புழுங்கல் அரிசி. தீட்டிய பச்சரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாக பிராடன் கருதினார். விளக்கம் தவறு, கவனிப்பு சரி.

அவர் கருத்தை நம்பாத கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் ஃப்ளெட்சர், 1905 டிசம்பரில் அங்குள்ள மனநல விடுதியில் அதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டை எண்ணினரை மறுபக்கமும் பிரித்தார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். இடந்தான் காரணமோ என்ற ஐயம் எழாதபடி, ஆண்டின் நடுவில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றினார். ஓராண்டு முடிவில் பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்டவர்களில் ஒருவரும் பெரிபெரியால் சாகவில்லை. அந்த நோயாளிகளிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் இக்கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்து ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃப்ரேசரும் ஆம்ப்ரோஸ் ஸ்டேன்டனும், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இரண்டு அரிசிகளையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தனர். பச்சரிசி போன பக்கமெல்லாம் நோயும் போனது. அரிசியில் நஞ்சு எதுவுமில்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து கழிந்துபோகிறது என்று 1909 முதல் அவர்கள் எழுதலானார்கள். ஜாவாவில் கோழிகளை வைத்து டச்சு மருத்துவர் ஐக்மான் தொடங்கிய ஆய்வும் இதே திசையில் வந்து சேர்ந்திருந்தது. 1926இல் அதே ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தனர். நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தார். அதுவே தயமின், அதாவது வைட்டமின் பி1.

நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது, தவிட்டிலிருக்கும் தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும்; பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. குளுக்கோசிலிருந்து ஆற்றல் எடுக்க நரம்புக்கும் இதயத்துக்கும் அது தேவை. தயமின் ஊசி போட்டால் இதயப் பெரிபெரி சில மணி நேரத்தில் தணியத் தொடங்கும். நரம்பு வளர்ந்து மீண்டும் இழையைத் தொடுவதற்கு மாதக்கணக்காகும். அதுவரை கெண்டைக்கால் தசை மெலிந்தே கிடக்கும்.