சந்திரகிரி மாளிகைகள்: பெயரும் பொருளும்

1. முன்னுரை

திருப்பதியை அடுத்து, சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த கோட்டை நகரம் சந்திரகிரி. சித்தூர் மாவட்டத்தினின்று 2022-இல் பிரிக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் இவ்வூர் உள்ளது. மலையடிவாரத்துக் கோட்டைக்குள் ‘ராஜ மகால்’, ‘ராணி மகால்’ எனும் இரு மாளிகைகள் நிலைத்துள்ளன. ஒரு கட்டடத்தின் பெயரை அதன் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினாவை இப்பெயர்கள் எழுப்புகின்றன. அவ்வினாவை மொழியியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வரலாற்றுப் பின்னணி

யாதவராயர் ஆட்சிக்குட்பட்டிருந்த இப்பகுதி 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் கீழ் வந்தது. கல்வெட்டுகள் இதனைச் ‘சந்திரகிரி இராச்சியம்’ எனக் குறிக்கும். இங்கிருந்து ஆட்சி செய்த சாளுவ நரசிம்மன் 1485-இல் பேரரசின் அரியணை ஏறினான். 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப்பின் தலைநகர் பெனுகொண்டாவிற்குப் பெயர்ந்தது. இரண்டாம் வேங்கடர் (1586–1614) காலத்தில் சந்திரகிரி தலைநகராயிற்று. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோல்கொண்டா இதனைக் கைப்பற்றியது.

இது பன்மொழிச் சூழல் நிலவிய வட்டாரமாகும். அரசவையில் தெலுங்கு சிறந்திருந்த காலத்தும் அருகிலுள்ள திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே பொறிக்கப்பட்டன.

3. ‘மகால்’ எனும் சொல்

‘மகால்’ என்பதன் மூலம், தங்குமிடம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லாகும். அது பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளில் புகுந்தது. தமிழில் அது இரு பொருளில் வழங்கியது. ஒன்று, மாளிகை, திருமலை நாயக்கர் மகால் இதற்குச் சான்று. மற்றொன்று, வருவாய் நிருவாகப் பிரிவு. சேலம், கிருட்டிணகிரிப் பகுதிகளைக் குறித்த ‘பாராமகால்’ என்பதில் இப்பொருளே உள்ளது. ‘பாரா’ என்பது பன்னிரண்டு. இப்பெயரைப் ‘பன்னிரு அரண்மனைகள்’ என மொழிபெயர்ப்பின் நிலவருவாய் வரலாறு மறைந்து, இல்லாத மாளிகைகள் தோன்றிவிடும்.

அரசன் உறைவிடத்தைக் குறிக்கத் தென்னக மொழிகளில் சொற்பஞ்சம் இல்லை. ‘கோ’வின் ‘இல்’லாகிய ‘கோயில்’ பழந்தமிழில் அரண்மனையையும் குறித்தது. சங்க இலக்கியத்தில் ‘நகர்’ என்பது மாளிகையையும் கோயிலையும் சுட்டும். தெலுங்கில் ‘நகரு’ எனும் வடிவம் அரண்மனையைக் குறிக்கும். எனவே, மகால் என வழங்குவதாலேயே ஒரு கட்டடம் முதன்முதல் அப்பெயரைப் பெற்றிருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

4. பெயர் இணையும் கட்டடமும்

ராஜ மகால் மூன்று தளங்களை உடையது. கல், செங்கல், சுண்ணச்சாந்து ஆகியவற்றால் மரமின்றிக் கட்டப்பட்டது. அம்பியில் மரத்தாலான மேற்கட்டுமானங்கள் அழிந்து பல அரண்மனைகளின் கல் அடித்தளங்களே எஞ்சியிருத்தலை நோக்க, இதன் அருமை விளங்கும். வளைவுகள் இசுலாமியக் கட்டடக்கலையையும், உச்சியிலுள்ள கோபுரங்கள் கோயில் விமானத்தையும் நினைவூட்டுகின்றன. இக்கலப்பினை ‘இந்தோ-சாரசெனிக்’ என்பர். ஆனால் அத்தொடர் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் காலப் பாணியொன்றிற்கே பெரிதும் உரியது. விசயநகரக் கட்டடத்திற்கு அதனை வழங்குதல் காலமுரணாகும்.

ராணி மகால் இரு தளங்களே உடையது, அளவிற் சிறியது. இது படை அலுவலர் இருப்பிடமாக இருந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உளர். பெரியது அரசனுக்குரியதாயின் அருகிலுள்ள சிறியது அரசிக்குரியதாதல் வேண்டும் என்னும் இணைக்காட்சியே இப்பெயருக்கு அடிப்படையாதல் கூடும். அம்பியின் ‘தாமரை மகால்’, ‘அரசியர் நீராடுமிடம்’ என்பனவும் பிற்காலத்தார் இட்ட பெயர்களேயாகும்.

5. ஆற்றின் பெயர்

ஆற்றின் பெயரிலும் இத்தகைய மாற்றத்தைக் காணலாம். வடமொழி வடிவம் ‘சுவர்ணமுகரி’. ‘முகரம்’ ஒலித்தலைக் குறிக்கும். இக்கால வழக்கான ‘சுவர்ணமுகி’ ‘பொன்முகத்தாள்’ எனப் பொருள்தருகிறது. ஓர் அசை கெட்டதும் ஒலிக்கும் ஆறு முகமுடைய ஆறாயிற்று. தமிழ் வழக்கோ ‘பொன்முகலி’. இதில் முற்பகுதி மொழிபெயர்க்கப்பட்டது. பிற்பகுதி ரகரம் லகரமாகத் திரிந்து ஒலிபெயர்ப்பாய் நின்றது. காளத்திப் பதிகளோடு தொடர்புடைய தமிழ் மரபு பழைய வடிவின் ஓசையைப் பேணியுள்ளது. ‘பொன்முகம்’ எனப் புதிதாக மொழிபெயர்ப்போர் இம்மரபை இழப்பர்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், இடப்பெயர் அதனை இட்டவர் காலத்திற்குச் சான்றேயன்றி, இடத்தின் தோற்றத்திற்குச் சான்றாகாது என்பது பெறப்படும். ராணி மகாலை ‘அரசியின் அரண்மனை’ என மொழிபெயர்க்கும்பொழுது வழக்குப் பெயர் வரலாற்றுக் கூற்றாகிவிடுகிறது. அறிவிப்புப் பலகையில் அதைப் படிப்பவர் அங்கு ஓர் அரசி வாழ்ந்ததாகவே கொள்வார். ஆதலின் இத்தகைய பெயர்களை ஒலிபெயர்த்து, ‘என வழங்கப்படும்’ எனும் தொடரைச் சேர்த்தல் தகும். அச்சிறு தொடர், பெயரின் வரலாற்றையும் கட்டடத்தின் வரலாற்றையும் வேறுபடுத்திக் காட்டும்.