உலகியல் என்று ஒதுக்கப்பட்ட பாவம்



பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் ஆவியின் வரங்களை அடுக்குகிறது. ஆவிகளைப் பகுத்தறிதல் அவற்றுள் ஒன்று. எது கடவுளுக்குரியது, எது உலகத்துக்குரியது என்று பிரித்துணரும் வரம் அது. சாதியை இந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் தமிழகத் திருச்சபைகள் வைத்தன?

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, குடிமை வழக்கங்களே என்று வாதிட்டார். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். 1640 முதல் தாழ்த்தப்பட்டோரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்ற தனிவகைக் குருக்கள் வந்தனர். மீட்பர் ஒருவர், மேய்ப்பர்கள் சாதி பார்த்து வந்தார்கள்.

சீர்திருத்தச் சபைகளிலும் இதே வாதம்தான். தனி இருக்கையும் திருவிருந்தில் முன்வரிசையும் உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாதவை என்றனர் தஞ்சை வேளாளக் கிறித்தவர்கள். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இதை மறுத்து, சாதியை உடனே கைவிடுமாறு சுற்றுமடல் அனுப்பினார். வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர் எதிர்த்தனர்; பலர் சபையைவிட்டே விலகினர். லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னர் அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. 1850இல் சென்னையில் மற்ற மிஷன்கள் கூடிச் சாதியைக் கண்டித்தபோதும் அது உடன்படவில்லை.

உலகத்துக்கு ஒத்துப்போகாதீர்கள் என்றே பவுல் ரோமருக்கு எழுதினார். இங்கோ, 'உலகியல்' என்ற சொல் உலகத்தை உள்ளபடியே ஆலயத்துக்குள் உட்காரவைக்கப் பயன்பட்டது. ஒரே கிண்ணத்தில் யார் முதலில் பருகுவது என்பது ஆன்மாவின் கேள்வி இல்லையென்றால், வேறெது ஆன்மாவின் கேள்வி?

சபை சொன்னது: சாதி உலகத்தின் காரியம், எங்களிடம் கேட்காதே. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் வழியே அரசு சொன்னது: நீ கிறித்தவன், உன் மதத்தில் சாதி இல்லை, எங்களிடம் கேட்காதே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர் ஒருவர், மற்றத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். கிறித்தவத்திலும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று 1985இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது.

சான்று இல்லாமலா? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இன்னும் சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. 1950 ஆணையைத் திருத்தக் கோரும் ஆயர்களோடு நாமும் நிற்கிறோம். ஆனால் அந்த மனுவில் கையெழுத்திடும் கை, தன் கல்லறைத் தோட்டத்துச் சுவரையும் இடிக்க வேண்டும். பகுத்தறிதல் அங்கேதான் தொடங்குகிறது.