பாட்டனைக் கொல்ல முடியுமா? காலப் பயணக் கதைகளும் ஒரு சொல்லின் பொருளும்

காலம் முன்னோக்கியே செல்லும் என்பது உலகியல் வழக்கு. அவ்வழக்கை மீறிப் பின்னோக்கிச் செல்லும் மாந்தரைப் புனைகதை படைத்தபோது, அதனுடன் ஒரு தருக்கச் சிக்கலும் பிறந்தது. அச்சிக்கலின் வரலாற்றையும், அதனை அவிழ்ப்பதில் ஒரு சிறு சொல் ஆற்றிய பங்கினையும் இவ்வுரையில் நாம் காண்போம்.

1895ஆம் ஆண்டில் வெளிவந்த எச். ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' இவ்வகைக் கதைகளைப் பரவலாக்கியது. எனினும் அதன் நாயகன் எதிர்காலத்திற்கே செல்கிறான். எதிர்காலம் இன்னும் நிகழாதது. ஆதலின் அங்கு முரண் எழவில்லை. இறந்தகாலத்தில் கைவைக்கும்போதே முரண் தலைகாட்டுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பர்ழாவெல் 1943இல் எழுதிய புதினத்தின் நாயகன், 1793ஆம் ஆண்டுத் தூலோன் முற்றுகைக்குச் சென்று நெப்போலியனைக் கொல்ல முயல்கிறான். குறுக்கே வந்த படைவீரன் ஒருவன் மாள்கிறான். அவ்வீரனோ நாயகனின் மூதாதை. மூதாதை மணம் முடிக்குமுன் மாண்டால் நாயகன் பிறந்திலன். பிறவாதவன் கொல்லவும் இலன். கொல்லாவிடின் மூதாதை பிழைப்பான். அவன் பிழைப்பின் நாயகன் பிறப்பான். 'பாட்டன் முரண்' என வழங்குவது இதுவே.

இதற்கு ஈராண்டு முன்னரே, 1941இல், அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் வேறொரு புதிரை அமைத்தார். தொலைவான எதிர்காலத்து மக்களின் மொழியைக் கற்க நாயகனுக்கு ஒரு சொற்பட்டியல் ஏடு கிடைக்கிறது. அது நைந்துபோகவே, புதிய ஏட்டில் படியெடுக்கிறான். முன்பு தனக்குக் கிடைத்த ஏடே இப்புதிய ஏடு எனப் பின்னர் உணர்கிறான். அங்ஙனமாயின் அச்சொற்களைத் தொகுத்தவர் யார்? ஒருவரும் இலர். இங்கு முரண் இல்லை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் காரணம் உண்டு. முழுமைக்கு மட்டும் மூலம் இல்லை. பேசுவோரிடம் சென்று, கேட்டு, குறித்து, மீண்டும் சரிபார்த்துச் சொல் திரட்டிய நமக்கு, தொகுப்பாளர் இல்லாத அகராதி பாட்டன் கொலையினும் வியப்பளிப்பது.

பாட்டன் முரணைக் காட்டி, இறந்தகாலப் பயணம் தருக்கத்திற்கே ஒவ்வாதது என வகுப்பறையில் நாம் பல்லாண்டு கூறிவந்தோம். "அப்படியானால் அவன் கையைத் தடுப்பது யார், ஐயா?" என மாணவர் ஒருவர் ஒருமுறை வினவினார். அன்று நம்மிடம் விடை இல்லை. மெய்யியலார் டேவிட் லூயிஸ் 1976இல் வெளியிட்ட கட்டுரையைப் பிற்பாடு பயின்றபோதே நம் பிழை விளங்கிற்று.

லூயிஸ் 'முடியும்' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை ஆராய்ந்தார். நம் மொழியிலும் இந்நிலை உண்டு. கைமுறிந்து கட்டுப்போட்டிருப்பவர், "என்னால் நீந்த முடியும்" என்றால் அது மெய். "என்னால் இப்போது நீந்த முடியாது" என்றாலும் மெய். முன்னது அவர் பெற்ற பயிற்சியைக் கருதியது. பின்னது கையின் நிலையையும் சேர்த்துக் கருதியது. அவ்வாறே, துப்பாக்கியும் குறிபார்க்கும் திறனும் உடையவன் தன் பாட்டனைக் கொல்ல முடியும். பாட்டன் அன்று மாளவில்லை என்னும் உண்மையையும் சேர்த்து நோக்கின், முடியாது. இருவேறு பொருளில் நின்ற ஒரு சொல்லை ஒரே பொருளினதாகக் கொண்டதே நம் பிழை.

எனவே, அம்மாணவரின் வினாவுக்கு விடை இதுவாகும்: தடுப்பதற்கென ஒருவர் வேண்டியதில்லை. கால் வழுக்கலாம், குறி தவறலாம், மனம் மாறலாம். அன்றாடத் தோல்விகளுக்குரிய காரணங்களே போதும். சென்றான், முயன்றான், தோற்றான் என்னும் கதை தருக்கத்திற்கு இயைந்தது. கொன்றான், கொல்லவில்லை என ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டையும் மெய்யெனக் கூறும் கதையே இயையாதது.

தொல்காப்பியர் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுத்தார். விரைவு கருதி எதிர்வை இறப்பாகக் கூறுவதற்கும் அவர் இடம் தந்தார். உண்டுகொண்டே "இதோ வந்துவிட்டேன்" என்கிறோம் அல்லவா? அங்கு மாறியது வினைச்சொல்லின் வடிவம். நிகழ்வின் வரிசை மாறவில்லை.

காலப் பயணக் கதை எழுதும் மாணவரிடம் ஆசிரியர் இரு வினாக்களைக் கேட்கலாம். ஒரே நிகழ்வு நடந்ததாகவும் நடக்காததாகவும் கதையில் வருகிறதா? கதையில் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் மூலம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவர் கதையோடு தருக்கமும் கற்பார். அன்று வினவிய அம்மாணவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் இவ்வுரை. பின்சென்று அவரிடம் கூற நம்மால் முடியாது. இன்றைய மாணவரிடம் கூற முடியும்.